எலும்புப் புற்றுநோய் ஏன் முழங்கால் பக்கம் அதிகம் வருகிறது?

பதினைந்து வயதுப் பையனுக்கு முழங்கால் வலி. “பந்து பட்டிருக்கும்” என்று தைலம் தேய்க்கிறோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் ராத்திரி தூக்கத்தைக் கலைக்கிற வலி, வாரக்கணக்கில் வடியாத வீக்கம் என்றால் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

ஏன் முழங்கால்? வளரும் வயதில் கால் எலும்பு அதிகம் நீள்வது அங்கேதான். வேலை மும்முரமான அந்த இடத்தில், எலும்பு கட்டும் செல்களிலிருந்து சொல்பேச்சு கேட்காத கொத்தனார் ஒருவர் கிளம்புகிறார். சுடாத செங்கல்லை நிறுத்தாமல் அடுக்குகிறார். அதுதான் ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றுநோய்.

உடனே வெட்டி எடுத்தால் என்ன? அவருடைய ஆட்கள் சிலர் ஏற்கெனவே நுரையீரலுக்கு நழுவியிருக்கலாம், ஸ்கேனுக்கும் சிக்காமல். அதனால் முதலில் சுமார் 10 வாரம் கீமோ. பிறகு கெட்ட பகுதியை அகற்றி உலோக எலும்பு. இப்போதெல்லாம் பெரும்பாலும் கால் தப்பிவிடுகிறது. எடுத்த கட்டியில் 90 சதவீதமாவது செத்திருந்தால் மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது. எப்படி இருந்தாலும் அறுவைக்குப் பிறகு மறுபடியும் கீமோ உண்டு.