உறைபனியில் வாழை பிழைப்பது எப்படி?

இங்கிலாந்தின் கிரேட் டிக்ஸ்டர் தோட்டத்தில், 1993இல் தோட்டக்கலைஞர் கிறிஸ்டோபர் லாய்ட் பழைய ரோஜாச் செடிகளை அகற்றிவிட்டு வாழையும் கல்வாழையும் வளர்த்தார். உறைபனி விழும் ஊரில் வாழையா?

வாழைத்தண்டாக வெளியே தெரிவது, நீர் நிறைந்த மட்டைகளின் சுருள்தான். அந்த நீர் உறைந்தால் செல்கள் சிதைந்து மட்டை கூழாகிவிடும். ஆனால் குருத்து பிறக்கும் முனை தரையோடு ஒட்டிய கிழங்கில் இருக்கிறது. வெட்டிய இளவாழை நடுவிலிருந்து மறுபடி துளிர்ப்பதும் இதனால்தான்.

கிரேட் டிக்ஸ்டரில் தாக்குப்பிடிப்பது ஜப்பான் வாழை. பெயர்தான் ஜப்பான், பிறப்பு சீனா. குளிர்காலத்தில் அதை வைக்கோல், சருகு போன்றவற்றால் போர்த்துகிறார்கள். வைக்கோல் தானாகச் சூடு தராது. அதில் சிக்கிய காற்று மண்ணின் வெப்பத்தைத் தப்பவிடாது, அவ்வளவே. போர்வைக்குள் மழைநீர் இறங்கினால் கிழங்கு அழுகும். குளிரைவிட இந்த ஈரத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.