வெள்ளியில் சம்பளம், ரிங்கிட்டில் வாடகை

விடியலுக்கு வெகுநேரம் முன்பே ஜோகூர் பாருவின் சோதனைச்சாவடியில் மோட்டார் சைக்கிள்கள் வரிசைகட்டி நிற்கத் தொடங்கிவிடும். மலேசியாவில் உறங்கி எழுந்து, கடற்பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை பார்க்கப் போகும் தொழிலாளர்களின் வண்டிகள் அவை. 1924-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் அதைக் கடந்ததும் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று மலேசிய ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. 1973 வரை இரு நாணயங்களும் சரிக்குச் சரியாக மாறின என்பதை இன்றைய தலைமுறையிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

விலைவாசிப் பட்டியல்களில் சிங்கப்பூர் அடிக்கடி முதலிடத்துக்கு வருகிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அங்கே கார் வைத்திருப்பது பெருஞ்செலவு. பத்தாண்டு உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுத்த பிறகே வண்டி வாங்க முடியும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் மட்டும் 1,50,000 வெள்ளியைத் தாண்டியது. ஆனால் குடிமக்களில் பெரும்பாலோருக்குக் கார் தேவையே இல்லை. வீட்டருகே பேருந்தும் எம்ஆர்டி ரயிலும் இருக்கின்றன. ஐந்தில் நான்கு பேர் வசிப்பது 1960-இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில். புது வீட்டுக்கு அரசு மானியம் உண்டு.

வேலை அனுமதியில் வந்தவருக்கு அந்தப் புது வீடு கிடையாது. சந்தை வாடகைதான். ஆக, ஒரே நகரம் இருவருக்கு இரண்டு விலையில் கிடைக்கிறது.

அதனால்தான் பலர் ஜோகூரில் தங்குகிறார்கள். அதே வாடகைக்கு அறைக்குப் பதில் வீடே கிடைக்கிறது. தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: சிங்கப்பூரில் தமிழ் ஒரு பாடம், மலேசியத் தமிழ்ப்பள்ளிகளிலோ ஆரம்பக் கல்வியே தமிழில்தான்.

ஜோகூரில் தங்குவதற்கான விலையை உறக்கத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது. நெரிசல் நாளில் பாலத்தைக் கடக்கவே மணிக்கணக்காகும். பிள்ளைகள் எழுவதற்குள் கிளம்பி, அவர்கள் உறங்கிய பின் திரும்பும் தகப்பனின் வாழ்க்கைத்தரத்தை எந்தப் பட்டியலும் அளப்பதில்லை. அளந்தே ஆக வேண்டும். பயண நேரத்தைக் கழிக்காமல் மிச்சக் கணக்குப் போடுவது தவறு.

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் இடையே நான்கு கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில் பாதை திட்டமிடப்பட்டது இந்த நேரத்தைக் குறைக்கத்தான். பயணம் ஐந்து நிமிடம். ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் போகலாம். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் புறப்படும் இடத்திலேயே முடிந்துவிடும். வெள்ளியில் சம்பாதிப்பவருக்கு இது பெரிய விடுதலை. ஜோகூரிலேயே வேலை பார்த்து ரிங்கிட்டில் சம்பளம் வாங்குபவரோ, நிலையத்தைச் சுற்றிலும் வாடகைக்கு வீடு தேடி இதே வெள்ளிச் சம்பளக்காரரோடு போட்டியிட வேண்டியிருக்கும். அவருக்கும் எட்டும் வாடகையில் வீடுகள் அங்கே கட்டப்பட வேண்டும்.