சிறுதேரும் பந்தயக் காரும்

முன்னுரை

நுங்கு தின்று முடித்த பனங்காய் இரண்டை ஒரு குச்சியிற் கோத்துக் கவைக் கம்பினால் உருட்டிச் செல்லும் நுங்கு வண்டியைப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களிற் பிறந்தோர் யாவரும் அறிவர். தேய்ந்த இரப்பர்ச் செருப்பை வட்டமாக அறுத்துச் சக்கரமாக்கி வண்டி செய்த சிறுவர்களும் இங்கு உண்டு. அச்சிறுவரே சற்று வளர்ந்தபின், திருவிழாக் காலத்துச் சாலையோரங்களில் நின்று, பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு எனப் பிரித்து நடத்தப்பெறும் மாட்டு வண்டிப் பந்தயத்தைக் கண்டு மகிழ்கின்றனர். விரைந்தோடும் ஊர்தியின்மீது விருப்பமும், அதனைச் சிறிதாகச் செய்து பார்க்கும் ஆவலும் நம் மண்ணுக்குப் புதியன அல்ல. உலகின் பல நாடுகளில் இவ்விரண்டும் சேர்ந்து ஒரு நுண்கலையாக வளர்ந்துள்ளன. பந்தயக் கார்களை மெய்ம்மை மாறாமல் சிறிய அளவில் அமைக்கும் அக்கலையின் இயல்பையும், அதனால் நம் மாணாக்கர் பெறத்தக்க பயனையும் இக்கட்டுரை சுருக்கமாக எடுத்துரைக்கின்றது.

இலக்கியத்தில் சிறுதேர்

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவம் சிறுதேர்ப் பருவம் ஆகும். பாட்டுடைத் தலைவனைக் குழந்தையாக வைத்து, அவன் சிறிய தேரை உருட்டி விளையாடுமாறு வேண்டுவது அப்பருவத்தின் பொருள். இசுலாமியத் தமிழ்ப் புலவர்களும் பிள்ளைத்தமிழ் பாடி இம்மரபை வளர்த்துள்ளனர். இதற்கும் முற்பட்ட பத்துப்பாட்டிலேயே சிறுதேர் காணப்படுகின்றது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தாம் பாடிய பட்டினப்பாலையில், குதிரை பூட்டாமல் குழந்தைகள் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேரைக் கூறுகின்றார். அவரே பெரும்பாணாற்றுப்படையில், ஏறிச் செலுத்த இயலாத நல்ல தேர் ஒன்றைக் குறிப்பிட்டு, தச்சருடைய பிள்ளைகளும் விரும்பும்படி அது செய்யப்பட்டிருந்தது என்கின்றார்.

இக்குறிப்பு எண்ணிப் பார்க்கத்தக்கது. தேர் அறியாத பிள்ளைக்கு எந்தத் தேரும் அழகாகவே தோன்றும். நாள்தோறும் உண்மைத் தேர் உருவாவதைக் காணும் தச்சர் வீட்டுப் பிள்ளையும் விரும்பவேண்டுமாயின், அச்சிறுதேர் உண்மைத் தேரின் இலக்கணத்தோடு பொருந்தியிருத்தல் வேண்டும். அறிந்தவர் கண்ணுக்கும் பிழையாகத் தோன்றாமையே நல்ல மாதிரியின் அடையாளம்.

அளவும் விகிதமும்

பொம்மைக்கும் அளவு மாதிரிக்கும் உள்ள வேறுபாடு விகிதத்தில் அடங்கியுள்ளது. உண்மைப் பொருளின் ஒவ்வோர் அளவையும் ஒரே எண்ணால் வகுத்துப் பெறுவது மாதிரி. பந்தயக் கார் மாதிரிகளில் 12இல் ஒரு பங்கு, 20இல் ஒரு பங்கு, 24இல் ஒரு பங்கு, 43இல் ஒரு பங்கு ஆகிய விகிதங்கள் பெருவழக்காக உள்ளன. 12இல் ஒரு பங்கு என்பது அடிக்கு ஓர் அங்குலம் என்னும் கணக்கு. 24இல் ஒரு பங்கு என்பது அடிக்கு அரை அங்குலம். அடியும் அங்குலமும் கொண்டு வேலை செய்யும் நம் தச்சருக்கு இவை எளிதில் விளங்கும்.

நம் தெருக்களிற் பல்லாண்டு ஓடிய மாருதி 800 காரை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 3335 மில்லிமீட்டர். அகலம் 1440 மில்லிமீட்டர். 24ஆல் வகுத்தால் மாதிரியின் நீளம் 139 மில்லிமீட்டர், அகலம் 60 மில்லிமீட்டர் ஆகும். உள்ளங்கையில் அடங்கும் இம்மாதிரியில் ஐந்து மில்லிமீட்டர் பிழை நேர்ந்தால், அஃது உண்மைக் காரில் 12 சென்டிமீட்டர்ப் பிழைக்கு ஒப்பாகும். சிறிய பொருளிற் சிறிய பிழை பொறுக்கத்தக்கது என்று கருதுவோர் இக்கணக்கை நினைவிற்கொள்ளுதல் நலம்.

நீளத்தை வகுத்த எண்ணாலேயே பரப்பையும் எடையையும் வகுத்தல் கூடாது. நீளம் 20இல் ஒரு பங்கானால், பரப்பு 400இல் ஒரு பங்காகும். கன அளவு 8000இல் ஒரு பங்காகும். ஏறத்தாழ 800 கிலோ எடையுள்ள ஃபார்முலா ஒன் பந்தயக் காரை, அதே பொருள்களால், 20இல் ஒரு பங்காகச் செய்ய இயலுமானால், அதன் எடை 100 கிராம் மட்டுமே இருக்கும்.

விகிதத்திற்கு அடங்காதவை

எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுக்கவேண்டும் என்பது விதி. ஆயின் சில பொருள்கள் அவ்விதிக்கு அடங்குவதில்லை. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள காரின் தகடு, 24இல் ஒரு பங்கில் தாளினும் மெல்லியதாகிவிடும்; அத்தகைய தகட்டைக் கொண்டு கூடு அமைத்தல் அரிது. எனவே கைவினைஞர் கூட்டைத் தடிப்பாகவே செய்து, சக்கரத்தின் மேல்வளைவு முதலிய கண்ணிற் படும் விளிம்புகளை மட்டும் உட்புறமாகச் சீவி மெல்லியதாக்குகின்றனர்.

வண்ணமும் அத்தகையதே. மாதிரியின்மீது பூசும் வண்ணம் இருபதில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தடித்திருந்தாலும், அஃது உண்மைக் காரின்மேல் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பூச்சுக்குச் சமமாகும். கதவின் இடைவெளிக் கோடுகள் அதனால் தூர்ந்துபோகும். ஆகவே மிக மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசி, ஒவ்வொரு முறையும் உலரவிட்டு, நுண்ணிய உப்புத்தாளால் நீர்விட்டுத் தேய்க்கவேண்டும். மேலும், உண்மைக் காரின் வண்ணத்தை அப்படியே சிறிய பரப்பிற் பூசினால் அது கண்ணுக்குச் சற்றுக் கருமையாகத் தோன்றும். அதனால் சிறிது வெண்மை கலந்து பூசுவது வழக்கம். உண்மை போலத் தோன்றச் செய்வதற்கே உண்மையிலிருந்து சற்று விலகவேண்டியுள்ளது. எங்கே, எவ்வளவு, எதற்காக விலகினோம் என்பதை அறிந்து விலகுவதே தேர்ச்சி.

எந்தக் கார், எந்த நாள்?

பந்தயக் கார் ஓராண்டு முழுவதும் ஒரே வடிவில் இருப்பதில்லை. மொனாக்கோ நகரத்தின் குறுகிய தெருக்களில் ஓடும்போது காரைத் தரையோடு அழுத்தப் பெரிய சிறகுகள் பொருத்தப்படுகின்றன. இத்தாலியின் மோன்சா களத்தில் நீண்ட நேர்வழிகள் மிகுதி. அங்கே அதே காருக்குச் சிறிய சிறகுகள் போதும். ஃபார்முலா ஒன் கார்களின் சக்கர வளையம் 2021 வரை 13 அங்குல விட்டமுடையதாக இருந்து, 2022 முதல் 18 அங்குலமாயிற்று. 20இல் ஒரு பங்கு மாதிரியில் இது பதினாறரை மில்லிமீட்டருக்கும் 23 மில்லிமீட்டருக்கும் உள்ள வேறுபாடு. எனவே, இன்ன கார், இன்ன களத்தில், இன்ன நாளில் ஓடிய தோற்றம் என்று முதலிலேயே உறுதி செய்துகொண்டு, அந்நாளின் ஒளிப்படங்களைத் திரட்டிய பின்னரே வேலையைத் தொடங்கவேண்டும்.

சப்பான் நாட்டின் சிசுவோக்கா நகரத்துத் தமியா நிறுவனம் இத்துறையிற் பெயர் பெற்றது. 1946இல் மர வணிகமாகத் தொடங்கிய அந்நிறுவனம் பின்னர்ப் பிளாஸ்டிக் மாதிரிகளுக்கு மாறியது. 1967இல் ஹோண்டா பந்தயக் காரை 12இல் ஒரு பங்காக வெளியிட்டது. பின்னர்ப் போர்ஷே பந்தயக் கார் ஒன்றன் மாதிரியைச் செய்ய முற்பட்டபோது, அந்நிறுவனத்தைச் சேர்ந்த சுன்சாகு தமியா உண்மையான போர்ஷே கார் ஒன்றையே விலைக்கு வாங்கி, அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி ஆராய்ந்தார். ஒளிப்படம் காட்டாதவற்றைத் தம் கையால் தொட்டறிய விரும்பிய ஊக்கம் அது.

காற்றுச் சுரங்கம்

அளவு மாதிரி பொழுதுபோக்கோடு நின்றுவிடுவதில்லை. பந்தய அணியினர் காரை உருவாக்குமுன் அதன் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தி, காற்றின் தடையையும் அழுத்தத்தையும் அளக்கின்றனர். ஃபார்முலா ஒன் விதிகளின்படி அம்மாதிரி உண்மைக் காரின் 60 விழுக்காட்டை மிஞ்சுதல் கூடாது. காற்றின் வேகம் நொடிக்கு 50 மீட்டரை மிஞ்சுதல் கூடாது. இங்கும் விகிதம் ஒரு சிக்கலைத் தருகின்றது. பொருள் சிறிதானாலும் அதன்மேற் பாயும் காற்று சிறிதாவதில்லை. காற்றோட்டத்தின் இயல்பு ஒத்திருக்கவேண்டுமாயின், மாதிரி எத்துணைச் சிறிதோ அத்துணை மிகுதியாகக் காற்றின் வேகத்தைக் கூட்டவேண்டும். இதனை விளக்கும் எண் ஆஸ்பர்ன் ரெனால்ட்சு என்னும் அறிஞரின் பெயரால் வழங்குகின்றது. அக்கணக்கின்படி, 60 விழுக்காடு மாதிரியின்மீது நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, முழு அளவுக் காரின்மீது 30 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றுக்கே ஒப்பாகும். வண்ணம் பூசும் கைவினைஞரைப் போலவே, பொறியாளரும் தம் மாதிரி எவ்விடத்து உண்மையினின்று விலகுகின்றது என்பதை அறிந்தே அதனைப் பயன்படுத்துகின்றார்.

தமிழகத்துப் பந்தயக் கார்கள்

கார்ப் பந்தயம் மேனாட்டாருக்கே உரியது என்று எண்ணவேண்டியதில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளத்தில், பல்லாண்டுகள் பந்தயங்கள் நடைபெற்றன. 1990இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் அமைந்தது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு ஓரிருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். விலை மிகுந்த வெளிநாட்டுக் கார்களை வாங்க இயலாத இளைஞர்களுக்கு அவை வாயிலாயின. 1995இல் அவர் வானூர்தி விபத்தில் மறைந்தார். 2003இல் கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஃபார்முலா மாருதி ஓட்டிப் பழகிய கோவை நரேன் கார்த்திகேயன், 2005இல் ஜோர்டான் அணியின் காரை ஓட்டி, ஃபார்முலா ஒன்றிற் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார்.

மேனாட்டுப் பந்தயக் கார்களின் மாதிரிகள் பெட்டியில் அடைக்கப்பட்டு உலகெங்கும் விற்கப்படுகின்றன. நம்மவர் ஆக்கிய கார்களை அளந்து, வரைந்து, மாதிரியாக்கி வைக்கும் பணி நம்முடையது. பந்தயக் கார் காட்சிப் பொருளாகவேண்டும் என்று செய்யப்படுவதன்று. அது மோதிச் சிதையும். ஓர் ஆண்டில் பழையதாகும். அதன் உறுப்புகள் வேறொரு காருக்குச் செல்லும். அளவெடுக்கப்படாமல் மறைந்த ஒன்றைப் பின்னர் யாராலும் மீட்டெடுக்க இயலாது. நல்ல மாதிரி அதன் அளவுகளைக் காத்து நிற்கும் ஆவணம் ஆகும்.

செய்யும் முறை

பெட்டி வாங்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. அளவு நாடா, வெர்னியர் காலிப்பர், குறிப்பேடு ஆகிய மூன்றுமே முதற் கருவிகள். காரின் பக்கத் தோற்றம், முன் தோற்றம், மேல் தோற்றம் ஆகியவற்றை விகிதப்படி வரைந்து, அவ்வடிவங்களை அட்டையில் வெட்டி எடுத்துக்கொள்ளவேண்டும். மென்மரத்தைச் செதுக்கும்போது அவ்வெட்டட்டையை மரத்தோடு பொருத்தி, விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பார்க்கவேண்டும். இடையில் ஒளி புகும் இடமெல்லாம் பிழையுள்ள இடம். வடிவம் அமைந்தபின் பட்டி பூசித் தேய்த்து வண்ணம் தீட்டலாம்.

சிறகுகளுக்குத் திருமண அழைப்பிதழ் அட்டை பொருந்தும். மின்கம்பியின் உள்ளிருக்கும் மெல்லிய செம்பிழைகள் எஞ்சினின் கம்பிகளாகும். ஓட்டுநரின் தோட்பட்டை உண்மையில் 75 மில்லிமீட்டர் அகலமுடையது. 20இல் ஒரு பங்கில் அது நான்கு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நாடா. சக்கரத்தின் தரை தொடும் பகுதியை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துவிட்டால், ஓடிய டயரின் மங்கல் தோன்றும். பளபளப்பு மிகுந்தால் அது கடைப்பொருளாகிவிடும். பந்தயத்தில் ஓடிய கார் தூசும் எண்ணெய்க் கறையும் தாங்கியே நிற்கும்.

முடிவுரை

இருங்காட்டுக்கோட்டைக்கோ செட்டிபாளையத்துக்கோ சென்று பந்தயக் காரை அளக்கும் வாய்ப்பு எல்லார்க்கும் உடனே கிட்டாது. அதுவரை, நம் மாவட்டத்திலேயே ஓடும் பந்தய ஊர்தி ஒன்று நம் கண்முன் உள்ளது. பந்தய மாட்டு வண்டியைச் செய்யும் தச்சரிடம் சென்று, அவர் ஒப்புதல் பெற்று, சக்கரத்தின் விட்டத்தையும், அச்சின் நீளத்தையும், நுகத்தின் வளைவையும் அளந்து, அடிக்கு ஓர் அங்குலமாக ஒரு மாதிரி செய்து பார்க்கலாம். பழைய வண்டிகளை நன்கறிந்த பெரியோர் ஊர்தோறும் உள்ளனர். அவர்கள் சொல்வனவற்றையும் அளவுகளோடு சேர்த்து எழுதி வைத்தல் நன்று. மாதிரியின் அடியில் விகிதத்தையும், அளவெடுத்த ஊரையும், நாளையும் மறவாது குறித்தல் வேண்டும்.

முடிந்ததும் அதனை அத்தச்சர் வீட்டுப் பிள்ளையின் கையிற் கொடுங்கள். புரட்டிப் பார்த்து, குறை கூறாமல், தனக்கு வேண்டும் என்று அப்பிள்ளை கேட்குமாயின், உருத்திரங்கண்ணனார் கண்ட சிறுதேரின் தகுதியை உங்கள் மாதிரியும் பெற்றுவிட்டது என்று கொள்ளலாம்.