பொய் சொல்லும் தண்ணீர்

உறையூர்ப் பிள்ளைகளே, உங்கள் தெருவிலும் "பெல்லில் வேலை" என்று சொல்லும் மாமா ஒருவராவது இருப்பார். திருவெறும்பூர்ப் பக்கம் 1965 முதல் இயங்கும் பி.எச்.இ.எல். ஆலையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அனல்மின் நிலையங்களுக்கான ராட்சத பாய்லர்கள் அங்கே தயாராகின்றன.

பாய்லரின் உச்சியில் 'டிரம்' என்றொரு எஃகு உருளை. உள்ளே ஏறக்குறையப் பாதி தண்ணீர், மீதி நீராவி. தண்ணீர் மட்டம் ரொம்ப இறங்கினால் நெருப்பில் இருக்கும் குழாய்கள் பழுக்கக் காய்ந்து வெடிக்கும். ரொம்ப ஏறினால் நீராவியோடு தண்ணீரும் போய் டர்பைனைக் கெடுக்கும். குறைந்தால் தண்ணீர் வால்வைத் திற, கூடினால் மூடு, அவ்வளவுதானே என்கிறீர்களா? அதுதான் இல்லை.

மாலையில் ஊரே விளக்குப் போடுகிறது. நீராவி கூடுதலாக வேண்டும். அது டிரம்மிலிருந்து விறுவிறுவென்று வெளியேற, உள்ளே அழுத்தம் சட்டென்று இறங்கும். சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குமே, அதே மாதிரி தண்ணீருக்குள் இருக்கும் குமிழிகள் உப்பும். மட்டம் ஏறும். உண்மையில் தண்ணீரோ குறைந்துகொண்டிருக்கிறது! மட்டத்தை மட்டும் நம்பும் கருவி இந்த நேரம் பார்த்து வால்வை மூடிவிடும். அதனால்தான் வெளியே போகும் நீராவி எவ்வளவு, உள்ளே வரும் தண்ணீர் எவ்வளவு என்பதையும் அளந்து, மூன்றையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்க வைத்தார்கள். ரோபோ கை ஆட்டுவதைவிட இதுதான் எனக்குப் பெரிய வித்தையாகப் படுகிறது.

ரோபோ கையிலும் சூட்சுமம் இப்படி அளந்து முடிவெடுப்பதுதான். எவ்வளவு திரும்பினோம் என்று ஒவ்வொரு மூட்டும் சொல்லிக்கொண்டே இருக்கும். தூக்கிய பொருள் கனத்தால் மோட்டாருக்கு மின்சாரம் கூடும்.

பழகிய பாய்லர் ஆபரேட்டர் "அழுத்தம் கொஞ்சம் குறைவு, சூட்டைச் சற்றே கூட்டு" என்பார். கொஞ்சம், சற்றே என்பதெல்லாம் கணினிக்கு எப்படிப் புரியும்? லாட்ஃபி ஸாதே என்பவர் அமெரிக்காவில் அதே 1965இல் அதற்கொரு கணிதம் வகுத்தார். பத்தாண்டுக்குள் லண்டனில் மம்தானி என்ற பொறியாளர், தம் மாணவரோடு சேர்ந்து ஒரு குட்டி நீராவி எஞ்சினையும் அதன் பாய்லரையும் அந்தக் கணிதத்தால் ஓட்டிக் காட்டினார். 1987இல் ஜப்பானின் செண்டாய் நகர மெட்ரோ ரயில் இதே முறையில் ஓடத் தொடங்கியது.

இதெல்லாம் பிடித்திருந்தால் கணக்குப் பாடத்தை விட்டுவிடாதீர்கள். துவாக்குடி என்.ஐ.டி.யில் இப்படி அளந்து கட்டுப்படுத்தும் படிப்புக்கென்றே ஒரு துறை இருக்கிறது.