இறால் வாங்க வைக்கும் பந்தாட்டம்!

தூத்துக்குடிப் பக்கத்துச் சகோதரிகள் இறால் வாங்குவது எப்போது? படகு கரைக்கு வர வேண்டும். விலையும் கைக்கு எட்ட வேண்டும். எட்டாவிட்டால் 'சாளை போதும்' என்று கூடையை இடுக்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். கொல்கத்தாவிலோ கதையே வேறு. அங்கே எத்தனையோ வீடுகளில் இறால் சமைப்பதா, வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பவர் வீட்டுக்கார அம்மாள் அல்ல. மைதானத்தில் பந்து உதைக்கும் பதினொரு பேர்!

வேடிக்கையாக இருக்கிறதா? விஷயம் இதுதான். அந்த நகரத்தில் இரண்டு பெரிய கால்பந்துக் கோஷ்டிகள் உண்டு. ஒன்று மோகன் பாகான். மற்றொன்று ஈஸ்ட் பெங்கால். மோகன் பாகான் ஜெயித்தால் அந்தக் கட்சிக்காரர்கள் வீட்டில் தேங்காய்ப்பால் விட்ட இறால் கறி. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் 'இலிஷ்' என்கிற உள்ளம் மீன். மேற்கு வங்கத்தையே பூர்வீகமாகக் கொண்டவர்கள் முன்னதற்குக் கட்சி; கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் பின்னதற்கு. மாமியார் ஒரு கட்சி, மருமகள் வேறு கட்சி என்று அமைந்துவிட்டால், ஆட்டம் நடக்கிற நாளில் அந்த வீட்டு அடுப்பங்கரை எப்படி இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கோஷ்டிப் பற்று அவ்வளவு தூரம் சமையலறைக்குள் நுழைந்தது எப்படி? அதைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

சாயர்புரத்தை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தூத்துக்குடிக்கு அருகே பனைகள் சூழ்ந்த ஊர். சாமுவேல் சாயர் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்பது. 1842-ல் ஜி. யு. போப் அங்கே வந்து கல்விக்கூடம் நடத்தினார். பின்னாளில், 1886-ல், திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டாரே, அதே போப் ஐயர்தான். இப்படிப்பட்ட ஊர்களில் பள்ளிக்கூடம் என்றால் பக்கத்தில் ஒரு மைதானமும் இருக்கும். சாயங்காலம் பையன்கள் காலில் ஒன்றும் இல்லாமல், புழுதி பறக்கப் பந்தை உதைப்பார்கள். 'செருப்பைப் போட்டுக்கொண்டு போடா' என்று தாய்மார் கத்துவது அவர்கள் காதில் விழுவதில்லை. அந்த வெறுங்கால்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதைக்கு அது அவசியம்.

இந்தியாவில் கால்பந்தை முதலில் ஆடியவர்கள் வெள்ளைக்கார சோல்ஜர்களும் வர்த்தகர்களும். நம்மவர் காலில் பந்து பட்ட கதையில் ஒரு தாயாரும் வருகிறார். 1877-ல் நகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்ற சிறுவன் தன் தாயாருடன் கங்கை ஸ்நானத்துக்குப் போய்க்கொண்டிருந்தானாம். வழியில் கல்கத்தா மைதானத்தில் வெள்ளைக்காரர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பையன் வண்டியை நிறுத்தச் சொல்லி வேடிக்கை பார்க்க இறங்கினான். பந்து அவன் பக்கமாக உருண்டு வந்தது. 'உதை, தம்பி' என்றார் ஒரு சோல்ஜர். உதைத்தான். பிறகு சும்மா இருப்பானா? பள்ளித் தோழர்களிடம் காசு வசூலித்து ஒரு பந்து வாங்கினான். வாங்கியது கால்பந்து அல்ல, ரக்பிப் பந்து என்பது பிறகுதான் தெரிந்தது!

பந்தைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. நகேந்திரர் வாலிபரானதும் கிளப்புகள் ஆரம்பித்தார். அதில் ஒன்றில் குயவர் வீட்டுப் பிள்ளையான மணி தாஸ் என்பவரைச் சேர்க்கக் கூடாது என்று உயர்ந்த குலத்து அங்கத்தினர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். நகேந்திரர் வாதாடிப் பார்த்தார். பலிக்கவில்லை. கிளப்பையே கலைத்துவிட்டார்! புதிதாக ஒன்றைத் துவக்கி மணி தாஸை அதில் சேர்த்துக்கொண்டார். அந்த மணி தாஸ் பின்னால் மோகன் பாகானுக்காகவும் ஆடினார்.

மோகன் பாகான் பிறந்தது 1889-ஆம் வருஷம், ஆகஸ்டு 15-ம் தேதி. ஆம், ஆகஸ்டு 15 தான். நாடு சுதந்திரம் பெறுவதற்குச் சரியாக 58 வருஷங்களுக்கு முன்னால். வட கல்கத்தாவில் 'மோகன் பாகான் வில்லா' என்றொரு மாளிகை இருந்தது. 'பாகான்' என்றால் தோட்டம். அந்தப் பெயரில் ஸ்தாபித்த சங்கத்துக்கு பூபேந்திரநாத் பாசு தலைவரானார். பிற்காலத்தில் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தவர் அவர். பச்சையும் மெரூனும் கலந்த சட்டை. சின்னம் பாய் விரித்த படகு. தூத்துக்குடித் தோணிகளைக் கண்டவர்களுக்கு அந்தச் சின்னம் அந்நியமாகத் தோன்றாது.

முதல் பதினைந்து வருஷங்கள் பிரமாதமாக ஒன்றும் நடக்கவில்லை. 1904-ல் கூச் பிஹார் கோப்பை. 1905-ல் சின்சுராவில் நடந்த கிளாட்ஸ்டன் கோப்பைப் பந்தயத்தில் டல்ஹௌசி என்ற வெள்ளையர் கோஷ்டியை 6-1 என்று நொறுக்கினார்கள். அந்த வருஷம்தான் கர்ஸன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிளந்தார். ஊரெங்கும் சுதேசிக் கிளர்ச்சி. வங்காளி என்றால் நோஞ்சான், பேனா பிடிக்கத்தான் லாயக்கு என்று வெள்ளைக்காரர்கள் ஏளனம் செய்துவந்த காலம் அது.

1911. ஐ. எஃப். ஏ. கேடயப் போட்டி. பட்டாளத்துக் கோஷ்டிகள் கோலோச்சும் பந்தயம். மோகன் பாகான் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டு வந்தது. செயின்ட் சேவியர்ஸ், ரேஞ்சர்ஸ், ரைபிள் பிரிகேட். அரை இறுதியில் மிடில்செக்ஸ் பட்டாளத்தோடு முதலில் சமன். மறுபடி ஆடி 3-0. ஜூலை 29-ல் இறுதி ஆட்டம். எதிரே கிழக்கு யார்க்‌ஷயர் பட்டாளம்.

அன்று கல்கத்தாவில் கூடிய கூட்டத்தை அதற்கு முன் எந்த ஆட்டத்துக்கும் யாரும் கண்டதில்லை. வெளியூர்களிலிருந்து விசேஷ ரயில்கள் விட்டார்கள். டிக்கெட்டுகள் பல மடங்கு விலைக்குக் கைமாறின. மரங்களின் மேலெல்லாம் மனிதர்கள். பின்னால் நின்றவர்களுக்கு ஆட்டம் தெரியவில்லை. காற்றாடிகளைப் பறக்கவிட்டு எத்தனை கோல் என்பதை அறிவித்தார்களாம்!

மோகன் பாகானின் பதினொரு பேரில் பத்துப் பேருக்கு வெறுங்கால். பூட்ஸ் போட்டிருந்தவர் சுதிர் சாட்டர்ஜி ஒருவர்தான். அவர் கிறிஸ்தவர், பிற்காலத்தில் பாதிரியாராகவும் ஆனார். எதிரே நின்ற சோல்ஜர்கள் அத்தனை பேர் காலிலும் கனத்த பூட்ஸ். ஒரு மிதி மிதித்தால் நம்மவர் விரல் என்ன ஆகும்?

முதலில் கோல் போட்டது பட்டாளம்தான். ஜாக்ஸன் என்பவர் உதைத்த ஃப்ரீ கிக் வலைக்குள் போயிற்று. ஆயிரக்கணக்கானவர்கள் வாயடைத்து நின்றார்கள். ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே பாக்கி இருந்தபோது காப்டன் சிவதாஸ் பாதுரி பந்தை வளைத்துக்கொண்டு போய் ஈடு கட்டினார். மறுபடியும் பந்து அவர் காலில். இம்முறை தாமே உதைக்காமல், அபிலாஷ் கோஷுக்குத் தள்ளினார். கோல்! 2-1. சட்டைகளும் குடைகளும் செருப்புகளும் ஆகாயத்தில் பறந்தன. அந்தக் கேடயத்தை வென்ற முதல் இந்தியக் கோஷ்டி அது.

கேடயத்தை எடுத்துக்கொண்டு திரும்பும் வழியில் ஒரு பெரியவர் வில்லியம் கோட்டைமேல் பறந்த பிரிட்டிஷ் கொடியைக் காட்டி, 'இது இறங்கும் நாள் எப்போது?' என்று கேட்டாராம். 'மோகன் பாகான் மறுபடி இந்தக் கேடயத்தை ஜெயிக்கும் போது' என்று பதில் வந்ததாம். இது வங்காளத்தில் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. கதையாகவே இருக்கட்டும். ஆனால் மோகன் பாகான் இரண்டாம் தடவை அந்தக் கேடயத்தை வென்றது 1947-ல் என்பது கதையல்ல.

பிறகு வந்த ஆட்டக்காரர்களில் சிலரையாவது சொல்லாமல் போகக்கூடாது. தடுப்பாட்டத்தில் 'சீனப் பெருஞ்சுவர்' எனப் பெயரெடுத்த கோஷ்டோ பால், 1962-ல் பத்மஸ்ரீ பெற்றார். அந்தப் பட்டம் பெற்ற முதல் கால்பந்து வீரர் அவரே. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குத் தலைமை வகித்த தாலிமெரன் ஆவ் நாகா நாட்டுக்காரர், டாக்டர், மோகன் பாகான் ஆட்டக்காரர். அங்கும் நம்மவர் பலருக்கு வெறுங்கால்தான். பிரான்ஸிடம் 1-2 என்று தோற்றார்கள். சுனி கோஸ்வாமி தம் கிளப் வாழ்க்கை முழுவதையும் இந்த ஒரே கோஷ்டிக்குக் கொடுத்தார். 1962-ல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கோஷ்டிக்கு அவர்தான் காப்டன்.

வெறிக்கு ஒரு விலையும் உண்டு. 1980 ஆகஸ்டு 16-ல் ஈடன் தோட்டத்தில் இந்த இரு கோஷ்டிகளும் மோதியபோது ரசிகர்களிடையே கலவரம் மூண்டு, நெரிசலில் 16 பேர் மாண்டார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. அப்படியும் கூட்டம் குறைந்ததா? 1997-ல் சால்ட் லேக் மைதானத்தில் இதே இரண்டு கோஷ்டிகள் ஆடிய ஃபெடரேஷன் கோப்பை அரை இறுதிக்கு 1,31,000 பேருக்கு மேல் வந்தார்கள். அன்று உள்ளம் மீன் கட்சிக்குத்தான் கொண்டாட்டம், 4-1.

இந்தக் காலத்துக்கு வருவோம். காலணா சந்தாவில் கோஷ்டி நடத்தும் நாள் போய்விட்டது. 2020-ல் கிளப்பின் கால்பந்துப் பிரிவில் 80 சதவிகிதப் பங்கு ஒரு பெரிய வியாபாரக் குழுமத்தின் கைக்குப் போயிற்று. அவர்கள் ஏற்கெனவே நடத்திவந்த 'ஏ.டி.கே.' கோஷ்டியின் பெயரையும் சேர்த்து, 'ஏ.டி.கே. மோகன் பாகான்' ஆக்கினார்கள். பார்த்தார்கள் ரசிகர்கள். பணம் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நூற்றாண்டு கண்ட பெயருக்கு முன்னால் மூன்று எழுத்து என்ன வேண்டிக்கிடக்கிறது? 'ஏ.டி.கே.யை எடு' என்று மூன்று வருஷம் ஓயாமல் குரல் கொடுத்தார்கள். ஜெயித்த நாளிலும் கொடுத்தார்கள். 2023-ல் முதலாளிகள் இறங்கிவந்தார்கள். இப்போது பெயர் 'மோகன் பாகான் சூப்பர் ஜயன்ட்'. முன்னொட்டு போய்ப் பின்னொட்டு வந்திருக்கிறது என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. எனக்கு அவர்கள் பேரில் அனுதாபம்தான். கல்யாணம் ஆனதும் பெண்ணின் பெயரை மாற்றுகிற வழக்கத்தை நினைத்துக்கொண்டால் உங்களுக்கும் வரும்.

பெயருக்காக மல்லுக்கு நிற்பது வங்காளிகள் மட்டும் என்று எண்ண வேண்டாம். செக் நாட்டில் பிராக் நகரத்து 'போஹீமியன்ஸ்' 1905-ல் பிறந்த கோஷ்டி. அதன் பழைய பெயர் வெளிநாட்டார் வாயில் நுழையவில்லை. 1927-ல் ஆஸ்திரேலியா போனபோது 'போஹீமியன்ஸ்' என்று வைத்துக்கொண்டார்கள். அங்கே வெகுமதியாகக் கிடைத்தது இரண்டு உயிருள்ள கங்காருகள்! அன்று முதல் கங்காருவே சின்னம். 2005-ல் கிளப் கடனில் மூழ்கியபோது ரசிகர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுக் கரையேற்றினார்கள்.

மோகன் பாகானுக்கு அந்தக் கஷ்டம் இப்போது இல்லை. 2023-ல் டூரண்ட் கோப்பையைப் பதினேழாம் முறையாக வென்றது. எந்தக் கோஷ்டியும் அத்தனை தடவை வென்றதில்லை. 2024-25 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீகின் கேடயம், கோப்பை இரண்டும் ஒருசேர வந்தன. பெங்களூருக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் மோகன் பாகானுக்காகக் கோல் போட்ட இருவரும், ஜேஸன் கம்மிங்ஸும் ஜேமி மக்லாரனும், ஆஸ்திரேலியக்காரர்கள். கங்காரு எங்கெங்கோ குதித்து வருகிறது, பாருங்கள்! வங்காளத்துப் பையன்கள் பதினொரு பேர் ஆடிய இடத்தில் இன்று கோல் போட அயல்நாட்டுக் கால்கள் வேண்டியிருக்கிறது என்பது அந்த ஊர்ப் பெரியவர்களின் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது. நியாயமான வருத்தம். ஆனாலும் காப்டன் சுபாசிஷ் போஸ் வங்காளிதான். அன்றைக்குக் கோப்பையைத் தூக்கியது அவர் கைகள்.

2025 ஜூலையில் அந்த லீக் ஆட்டமே ஒப்பந்தத் தகராறில் நின்றுபோயிற்று. பணத்தைக் கொட்டியவர்களும் விழித்தார்கள். பாவம், ஆட்டக்காரர்களும் விழித்தார்கள். லீக் இல்லாவிட்டால் என்ன, அக்டோபரில் பழைய ஐ. எஃப். ஏ. கேடயம் நடந்தது. 1911-ல் வெறுங்காலோடு வென்ற அதே கேடயம். இறுதியில் எதிரே நின்றது ஈஸ்ட் பெங்கால். ஆட்டம் சமன். பெனால்டி உதைகளில் மோகன் பாகானுக்கு வெற்றி.