குசினிக் கதவால் பார்த்த செர்மாட்

வன்னியின் ஸ்கந்தபுரத்தில் பனி என்றால், "தலையில துவாயைப் போட்டுக்கொண்டு போ" என்று மார்கழி விடியலில் அம்மாவைக் கத்த வைக்கிற பனிதான். அக்கராயன் குளப்பக்கமிருந்து கொஞ்சம் காற்று வீசினாலே சுவெற்றர் தேடுகிற ஊர் எங்களது. அந்த ஊர்க்காரன் போன மாசியில் சுவிற்சர்லாந்தின் செர்மாட் ரயில் நிலையத்தில் இறங்கி நின்றேன். கூரைகளில் ஒரு முழத்துக்கு மேல் பனி. தோளில் ஸ்கீ பலகைகளைச் சாத்திக்கொண்டு, பாறாங்கல் கட்டியது போன்ற சப்பாத்துகளோடு சனம் டக்குடக்கென்று போகிறது. நேரம் பகல் இரண்டேகால். வயிறு புகைந்தது.

"இஞ்ச நல்ல சாப்பாட்டுக் கடை எது?" என்று மச்சானைக் கேட்டேன்.

"இந்த நேரத்துக்கு ஒண்டும் இல்லை. குசினி பூட்டியாச்சு."

முறிகண்டியில் எந்த நேரம் பஸ்சால் இறங்கினாலும் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, கையில் ஒரு சரை கச்சான், கடைக்குள் நுழைந்தால் தேத்தண்ணியும் கடியும். அந்தப் பழக்கத்தோடு அல்ப்ஸ் மலைக்குப் போகிறவர் முதல் நாளே பட்டினி கிடப்பார். சூடான சாப்பாடு பகல் பன்னிரண்டையொட்டித் தொடங்கி இரண்டு மணிக்கு முடிந்துவிடும். பிறகு மாலை ஆறுக்குத்தான் அடுப்பு மூட்டுவார்கள். ஒன்பது ஒன்பதரைக்கு அதுவும் அணைந்துவிடும். இடையில் போனால் கேக், குளிர்ந்த இறைச்சித் தட்டு, அதிர்ஷ்டமிருந்தால் சூப். அன்று எனக்குக் கிடைத்தது சூப்பர் மார்க்கெற்றில் வாங்கிய பாணும் இரண்டு வாழைப்பழமும். குறை சொல்லவில்லை. செர்மாட்டில் மிக்ரோஸ், கோப் என்ற சூப்பர் மார்க்கெற்றுகள் இருப்பது கைக்காசை எண்ணிச் செலவழிக்கிறவர்களுக்குப் பெரிய புண்ணியம்.

மச்சானைப் பற்றி இரண்டு வார்த்தை. 1997இல் வன்னியை விட்டு வெளிக்கிட்டவன். அகதி மனுக் கொடுத்தவர்களை மாநிலம் மாநிலமாகப் பிரித்து அனுப்புவது சுவிஸ் வழக்கம். இவன் பங்குக்கு விழுந்தது வலே மாநிலம். சுவிஸ்காரர் வர மறுக்கிற வேலைகள்தான் அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்குத் திறந்திருந்த வாசல், அவற்றில் முதலாவது ஹோட்டல் குசினி. இன்று ஐம்பதாயிரம் அளவில் ஈழத்தமிழர் வாழும் அந்த நாட்டில், 'கோப்பை கழுவினேன்' என்று தொடங்காத வாழ்க்கைக் கதை குறைவு. மச்சானும் கோப்பை கழுவி, உருளைக்கிழங்கு உரித்து, சலாட் வெட்டி, கடைசியில் அடுப்படிக்கு வந்து சேர்ந்தவன். ஆகவே இந்தக் கட்டுரையில் எந்த மேசை நல்லது என்று நான் சொல்வதெல்லாம் குசினிக் கதவால் எட்டிப் பார்த்த நியாயம். முன்கதவால் நுழைகிறவர்களுக்கு வேறு நியாயம் இருக்கலாம்.

அவனுடைய முதல் விதி: மலை ஏற ஏற விலையும் ஏறும், ருசி ஏறாது.

செர்மாட் கிராமமே 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பெற்றோல் வாகனங்களுக்கு உள்ளே இடமில்லை. காரில் வருகிறவர்கள் அதைத் தேஷ் என்ற கீழூரில் விட்டுவிட்டு ரயிலில் வருவார்கள். ஆக, ஒரு கிலோ வெங்காயம்கூட அந்தப் பள்ளத்தாக்கால் ஏறி வரவேண்டும். கிராமத்துக்கு மேலே சறுக்குபாதையோரம் இருக்கும் கடைகளுக்கு அதே வெங்காயம் இன்னுமொரு தடவை மலை ஏறுகிறது. 1898 முதல் பல்சக்கர மின்ரயில் ஓடுகிற கோர்னர்கிராட் 3,089 மீற்றர். கேபிள் கார் போய் நிற்கும் கிளைன் மாட்டர்ஹோர்ன் 3,883. எங்கள் இலங்கையின் அதியுயர் மலையான பிதுருதலாகலை 2,524 மீற்றர்தான். அதன் தலைக்கு மேல் இன்னும் ஒரு கிலோமீற்றருக்கு மேல் ஏறிப்போய்த்தான் அங்கே சாப்பாட்டு மேசை போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்கப் போகிற அம்மா அப்பாமார், பிரஷர் குளிசை போடுகிறவர்கள், அந்த உயரத்தில் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். மூச்சு வாங்கும், சாப்பாட்டில் மனம் போகாது. மேலே போய் மாட்டர்ஹோர்ன் மலையைப் பாருங்கள், ஒரு தேத்தண்ணி குடியுங்கள், இறங்குங்கள்.

நிதானமாக உட்கார்ந்து சாப்பிட இடம் நடு உயரத்தில் இருக்கிறது. செர்மாட்டுக்கு மேலே ஃபிண்டெல்ன் என்ற சின்னக் குடியிருப்பு. கறுத்துப்போன மரவீடுகள், அவற்றுக்கிடையே வெயில் விழும் பலகைத் திண்ணைகள், நேரே எதிரில் மாட்டர்ஹோர்ன். பழைய தானியக் கொட்டில்களின் கால்களில் வட்டமாகச் செதுக்கிய தட்டைக் கல் வைத்திருப்பார்கள். எலி ஏறாமலிருக்கத்தான். அந்தக் கல்லைக் கண்டதும் எனக்கு ஊர் நெல்லுப் பட்டடை ஞாபகம் வந்தது. ஊர் ஊராக எலியோடு மனிசன் படுகிற பாடு ஒன்றுதான். உள்ளே இருந்தது 'ரை' என்ற தானியம். வருசத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் ஊர்ப் பொது அடுப்பை மூட்டிப் பாண் சுடுவார்கள். மாதக்கணக்கில் வைத்துத் தின்ன வேண்டியதால் அது கல்லுப்போல் இருக்கும். இன்று அதே கறுத்தப் பாணை மெல்லிசாக வெட்டி, காற்றில் உலர்த்திய மாட்டிறைச்சியோடு மரப்பலகையில் வைத்துத் தருகிறார்கள். வாங்கிச் சாப்பிடுங்கள். கடவாய்ப்பல் உறுதியாக இருந்தால் போதும்.

மலைச் சாப்பாடு என்று இன்று விலை போவதெல்லாம் பஞ்சத்துச் சாப்பாடு. குளிர்காலத்தில் பாதை அடைபட்டுக் கிடக்க, இருந்ததை வைத்துச் சமாளித்த இடையர்களின் சமையல். பொண்டு என்கிற சீஸ்சட்டியை எடுங்கள். தடித்த சட்டியின் உள்ளே உள்ளியால் உரசி, வெள்ளை வைன் ஊற்றி, குறுயேர், வாஷ்ரான் என்ற இரண்டு சீசையும் துருவிக் கொட்டிக் காய்ச்சுவார்கள். முடிவில் செரிப்பழச் சாராயம் கொஞ்சம். சட்டி மேசைக்கு வரும்போது கீழே சின்ன அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். நேற்றைய பாணைத் துண்டு துண்டாக்கி, நீண்ட முள்ளில் குத்தி, எல்லாரும் அந்த ஒரே சட்டிக்குள் தோய்த்துச் சாப்பிட வேண்டும். அடியைக் கிளறிக்கொண்டே இருக்காவிட்டால் சீஸ் திரைந்துவிடும். எனக்கு உடனே ஒடியல் கூழ்தான் ஞாபகத்துக்கு வந்தது: முற்றத்தில் நடுவே பானை, சுற்றிவரச் சனம், கையில் மடித்த பிலாவிலை. கூழ்ப்பானையின் அடியில் கிடக்கும் நண்டுக் காலுக்கு நாங்கள் அடிபடுவதுபோல, சீஸ்சட்டியின் அடியில் முறுகிப் பிடிக்கும் பொருக்குக்கு அவர்கள் அடிபடுகிறார்கள். பிரெஞ்சு பேசுகிறவர்கள் அந்தப் பொருக்கைக் 'கன்னியாஸ்திரி' என்று அழைக்கிறார்கள். ஏனென்று மச்சானுக்கும் விளங்கவில்லை.

பொண்டை நாட்டின் தேசியச் சாப்பாடாக்கியது இடையர்கள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1914இல் தொடங்கிய சுவிஸ் சீஸ் யூனியன் என்ற வியாபாரக் கூட்டு, 1930களில் சீசை விற்றுத் தள்ளுவதற்காக ஊரெல்லாம் பொண்டைப் பரப்பியது. நல்லாய்த்தான் பரப்பியிருக்கிறார்கள். ஆளுக்கு முப்பது பிராங் அளவில் கொடுத்து நானும் சாப்பிட்டேனே!

சைவக்காரருக்கு ஓர் எச்சரிக்கை. பொண்டில் இறைச்சி இல்லைத்தான், ஆனால் குறுயேர் சீசைத் திரைய வைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள். வைனும் சாராயமும் வேறு இருக்கிறது. கந்தசஷ்டி பிடிக்கிறவர்கள் அந்த வாரத்தில் சட்டிப்பக்கம் போகாமலிருப்பது நல்லது. அந்த நாட்களில் செர்மாட்டில் பல ஹோட்டல்கள் பூட்டிக் கிடக்கும் என்பது முருகன் செய்த உதவி. கோடைக்கும் குளிருக்கும் இடைப்பட்ட அந்த ஐப்பசி, கார்த்திகைப் பக்கத்தில்தான் குசினித் தமிழருக்கு லீவு. விரதமும் லீவும் பொருந்தி வருகிற வேலை உலகத்தில் வேறெங்கே உண்டு என்று மச்சான் கேட்டான்.

என்னைக் கேட்டால், காசுக்குப் பெறுமதியான தட்டு இடையர் மக்ரோனி. மக்ரோனியும் உருளைக்கிழங்குத் துண்டும் சேர்த்து அவித்து, கிறீமும் சீசும் கலந்து, மேலே பொரித்த வெங்காயம் தூவி, பக்கத்தில் அப்பிள் மசியல் ஒரு கரண்டி. உப்புக்கும் கொழுப்புக்கும் நடுவே அந்த அப்பிளின் புளிப்பு, சோற்றுக்குப் பக்கத்தில் மாங்காய்ச் சம்பல் செய்கிற வேலையைச் செய்கிறது. பெரிய கேபிள் கார் நிலையங்களில் தட்டேந்திப் போய் நாமே எடுக்கிற சுயசேவைக் கடைகளில் இது கிடைக்கும். மேசைக்கு வந்து பரிமாறும் கடையைவிட மலிவு. தாவோஸ், சென் மோரிட்ஸ் பக்கம் போகிறவர்கள் இதற்குப் பதிலாக பார்லிச் சூப் கேட்டு வாங்குங்கள்.

இந்தியச் சாப்பாடு தேடி அலையாதீர்கள். 1912 முதல் ரயில் போகிற யுங்ஃப்ராவ்யோக்கில், 3,454 மீற்றரில், இந்தியப் பயணிகளுக்கென்றே பொலிவூட் என்ற பெயரில் ஓர் உணவகம் வைத்திருந்தார்கள். ஊரில் வீட்டிலேயே கிடைக்கிற பருப்பைத் தின்ன அவ்வளவு தூரம் ஏற வேண்டுமா? அதைவிட வேடிக்கை, சுவிஸ்காரரே கண்டுபிடித்த 'ரி காசிமிர்'. மூவன்பிக் நிறுவனத்தை நடத்திய ஊலி பிராகர் 1952இல் அறிமுகப்படுத்தியது. சோறு, கறித்தூள் போட்ட கிறீமில் இறைச்சி, மேலே அன்னாசி, வாழைப்பழம், செரி. மச்சான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "நீ சிலோன்காரன், உனக்குக் கறி தெரியும்தானே" என்று இதைத்தான் சமைக்க விட்டார்களாம். வாழைப்பழத்தைப் பட்டரில் வாட்டிக் கறிக்கு மேல் வைத்த அன்று இரவு, ஊரிலிருந்த தாய்க்கு எழுதிய கடிதத்தில் அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டான்.

செர்மாட்டில் நான் சாப்பிட்ட ஆக நல்ல சாப்பாட்டுக்கு விலைப்பட்டியல் இல்லை. இரவு பத்தரை. வாடிக்கையாளர் எல்லாரும் போய்விட்டார்கள். ராக்கிளட் என்ற உருக்கிய சீசோடு தருகிற அவித்த உருளைக்கிழங்கு ஒரு கூடை மிஞ்சிக் கிடந்தது. மச்சான் அதைத் தோலோடு நாலாகப் பிளந்தான். சுவிஸ் வெங்காயம், சுவிஸ் எண்ணெய். கறிவேப்பிலை மட்டும் சூரிச் தமிழ்க்கடையில் வாங்கிக் குளிரறையில் போட்டு வைத்தது. தகரப்பேணியிலிருந்து அம்மா வறுத்து இடித்து அனுப்பிய தூள் இரண்டு கரண்டி. சட்டியில் தூள் விழுந்ததும் எழும்பிய நெடிக்குக் கோப்பை கழுவிக்கொண்டிருந்த போர்த்துக்கல் பொடியன் ஒரு தும்மல் தும்மிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு தட்டோடு வந்து நின்றான். பிரட்டல் கறியைப் பாணோடு நின்றபடியே சாப்பிட்டோம். பெரிய சமையற்காரர் சுவிஸ்காரர். அவரும் வந்து சட்டியை வழித்துவிட்டுப் போனார்.

கடைசி நாள் மச்சான் லீவு எடுத்து, "வா, இத்தாலியில சாப்பிடுவம்" என்றான். இங்கே சறுக்குகிறவர்களுக்கு இது பழைய வழக்கம்: காலையில் செர்மாட், மத்தியானம் எல்லைக்கு அப்பால் இறங்கி அரைவாசி விலையில் பாஸ்ரா, பின்னேரம் திரும்பவும் சுவிஸ். சறுக்கத் தெரியாத என்னைப்போன்ற ஆளுக்கு வழி பிறந்தது 2023 யூலையில்தான். அப்போதுதான் கிளைன் மாட்டர்ஹோர்னிலிருந்து இத்தாலிப் பக்கத்துக்குக் கேபிள் கார் தொடுத்தார்கள். ரிக்கெற் மலிவில்லை. கடவுச்சீட்டை மறக்கக் கூடாது. திரும்பி வரும் கடைசிக் காரின் நேரத்தைப் போகும்போதே பார்த்துவிட வேண்டும். தவறவிட்டால் மலையைச் சுற்றிச் சாலையால் வர மணித்தியாலக் கணக்கு.

மச்சானுக்கோ இந்த எல்லை வெகுகாலம் பூட்டியே கிடந்தது. அகதி மனு முடிவாகும்வரை தருகிற அட்டையை எங்கள் ஆட்கள் 'என்' விசா என்பார்கள், அதில் அச்சடித்திருக்கும் ஆங்கில எழுத்தை வைத்து. "பேர் மட்டும்தான் என். அதில என்ர எண்டு ஒண்டும் இல்லை" என்பான் மச்சான். அதற்குப் பிறகு வந்தது 'எஃப்' அட்டை. இரண்டிலும் கேளாமல் நாட்டைவிட்டு வெளியேற முடியாது. ஓய்வு நாட்களில் வேலைக்காரருக்கான மலிவு ரிக்கெற்றில் மேலே வந்து நின்று, இந்தப் பக்கமிருந்து இத்தாலியைப் பார்த்துக்கொண்டு நிற்பானாம். சறுக்கிக்கொண்டு போய் மூன்று மணிக்கு உதட்டில் தக்காளிச் சாறோடு திரும்பி வருகிறவர்களின் தட்டுகளை இரவில் கழுவுவான்.

பிளாட்டோ ரோசாவில் மரக்குடில் ஒன்று. உள்ளே ஈரச் சப்பாத்து மணம், கண்ணாடியெல்லாம் புகார். பாஸ்ரா வந்தது, தக்காளி, உள்ளி, கொஞ்சம் மிளகாய். செர்மாட்டில் ஒரு சூப்புக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம்தான் கூட. மச்சான் முள்ளைத் தொட முதல் ஜக்கெற்றின் உள்பக்கெற்றைத் தடவிப் பார்த்தான். சிவப்புக் கடவுச்சீட்டு எடுத்துப் பல வருசம். பிறகு குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"ஆர் நிக்கிறது?"

"வங்காளியள் போல" என்றான்.

தட்டைப் பாணால் துடைத்துத் தின்றான். கோப்பியும் குடித்தோம். சரியாக இரண்டே முக்காலுக்கு, "எழும்பு, கடைசிக் கார் போயிடும்" என்று ஜக்கெற்றைப் பூட்டினான். மேசையில் மிஞ்சியிருந்த இரண்டு துண்டுப் பாணை நான் கைலேஞ்சியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.