தண்டல் வட்டி எவ்வளவு மாப்ளே?

சென்னையில் நான் சாதாரண அக்கவுண்ட்ஸ் கிளார்க். களமருதூர் போனால் மட்டும் நிதி மந்திரி! போன மாசம் மாமா தன் டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்டார்:

"தண்டல் எடுத்திருக்கேன் மாப்ளே. கைக்கு 8,500. தினம் நூறு, நூறு நாள் கட்டணும். பத்தாயிரத்துக்கு 1,500ன்னா 15 பர்சென்ட்தானே? பாங்க்ல 12. மூணு பர்சென்ட்டுக்காக எவன் அலையறது?"

"மாமா, பாங்க் சொல்ற 12 ஒரு வருஷத்துக்கு. உங்க 15 நூறே நாளைக்கு. அதுலயும் முழுப் பணம் உங்ககிட்ட எங்க இருக்கு? ஐம்பதாம் நாளே 5,000 திருப்பிக் கட்டியாச்சே!"

காலண்டர் தாளைக் கிழித்துக் கணக்குப் போட்டேன். வருஷ வட்டி சுமார் 120 சதவிகிதம்! இதே 8,500-ஐ 12 சதவிகிதத்தில் வாங்கி, இதே மாதிரி தினமும் அடைத்தால் மொத்த வட்டி 150 ரூபாய்க்குள்தான். மாமா கட்டுவது 1,500. (சர்க்கரை டப்பாவைப் பூட்டி வைக்கிற மனுஷர்!)

தமிழ்நாட்டின் 2003-ம் வருஷத்து அதிக வட்டித் தடைச் சட்டத்தில் கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலும் இருக்கிறது. 2015-ல் வந்த முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் 50,000 வரை ஈடு கேட்காமல் கடன் உண்டு. பாங்க்காரர்கள் நாலு நடை நடக்க வைப்பார்கள்தான்.

மாமா பேசவில்லை. வாசலில் மோட்டார் பைக் சத்தம்.

"தண்டல்காரர் வந்துட்டார். இதையெல்லாம் அவர்கிட்ட கொஞ்சம் சொல்லு மாப்ளே!"

நான் உளுந்தூர்பேட்டை பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.